செவ்வாய் மிக், வியாழன் சுகோய்

ஜுக்கோவ்ஸ்கி நகரில் காற்றுக்கென்று ஒரு கட்டடம் உண்டு.
அதன் அடித்தளத்தில் பதினான்கு வருடம்
எஃகு விமானங்களுக்கு மெருகு போட்டேன்.
முழங்கை நீளம் உடல், விரல் தடிமன் வால்.
மயிரிழைக் கீறலையும் காற்று கண்டுபிடித்துவிடும்.
மேலதிகாரிகளிடம் மறைத்ததை
அதனிடம் மறைக்க முடிந்ததில்லை.

செவ்வாயன்று மிக் ஆட்கள் வருவார்கள்.
வியாழன் சுகோய்.
நடுவில் புதன் என்னுடையது:
திரை மாற்ற, தரை கூட்ட,
ஒரு கூட்டத்தார் கரும்பலகையில் விட்டுப்போன எண்களை
மறு கூட்டத்தார் வருமுன்
ஈரத்துணியால் துடைக்க.

மிக்கின் ரொதியோன் ஷ்மாக்கின்
சட்டைப்பையில் எப்போதும் பாதிப் பென்சில் வைத்திருப்பான்.
அவன் விமானமும் அப்படித்தான்.
போர்முனைக்குப் பக்கத்தில் கரடுமுரடாய் ஒரு ஓடுபாதை,
கொஞ்சம் எரிபொருள்,
சட்டென்று ஏறு, முடித்துவிட்டு வீடு திரும்பு.
தரையில் ஓடும்வரை வாயை மூடிக்கொள்ளும்,
தோளில் திறக்கும் செவுள்களால் மூச்சிழுக்கும்.
"கல்லைத் தின்னாது, பார்" என்பான்,
மண் தின்னாத பிள்ளையைப் பெற்றவன் போல.

சுகோயின் அவெர்யான் துலூப்பொவ்
மதியத்துக்கு இரண்டு பொட்டலம் கொண்டுவருவான்,
ஒன்று வழிக்கு.
அவன் வரைந்ததும்
வயிறு நிறைய எரிபொருளோடு
வடகடலின் பனி விளிம்புவரை போய்
அவசரமில்லாமல் திரும்பும்.
கல்லுக்கு வாயில் ஒரு வலை போதும் அவனுக்கு.

இவ்வளவுக்குப் பிறகும்
சாம்பல் பூச்சு உலர்ந்து இரண்டையும் பார்த்தால்
ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.
இரட்டை வால், எந்திரங்களுக்கிடையே அதே பள்ளம்,
கழுத்திலிருந்து இறக்கைக்கு வழியும் அதே கோடு.
எங்கள் கட்டடம் இருவருக்கும்
ஒரே யோசனையைத்தான் சொல்லியிருந்தது,
தனித்தனியாக,
குரல் தாழ்த்தி.

ஒரு பிப்ரவரியில் தராசு
சுகோய்க்குக் கெட்ட செய்தி சொன்னது.
அவெர்யான் மூன்று முறை கூட்டிப் பார்த்தான்.
மூன்று முறையும் காற்றே சரி.
முதல் கோட்டிலிருந்து மறுபடி, என்று முடிவாயிற்று.
வளைந்த இறக்கை மாதிரியைக் கழிவுப் பெட்டியில் போட்டார்கள்.
அந்தப் புதன் எனக்குக் காய்ச்சல்.

அடுத்த செவ்வாய் நான் வரும்போது
மூடியில்லாத பெட்டிமுன் ரொதியோன் நின்றிருந்தான்.
உப்புத்தாளைப் பிடித்தபடி எண்ணினேன்:
பதினொரு விநாடி.
பிறகு மேல்கோட்டைக் கழற்றி
பெட்டிமேல் போர்த்தினான்.
வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு.
மாலையில் கோட்டை எடுக்காமலே போனான்.
பதினொரு விநாடியில் ஒரு பொறியாளன்
எவ்வளவு பார்த்துவிடுவான்?
நான் கேட்கவில்லை.
மறுநாள் புதன். அந்தக் கோட்டை எடுப்பது என் வேலை.
தொடவில்லை.

வியாழனன்று அவெர்யான் அதைத் தூக்கிப் பார்த்தான்,
அடியிலிருந்ததைப் பார்த்தான்,
பையில் விரல்விட்டுப் பாதிப் பென்சிலைப் பார்த்தான்.
ஒரு வார்த்தை இல்லை.
கோட்டை ஆணியில் மாட்டும்போது
அதே பையில்
சீவாத முழுப் பென்சில் ஒன்றைச் செருகினான்.

செவ்வாய் வந்த ரொதியோன்
அதை முழங்காலில் வைத்து ஒடித்தான்.
ஒரு பாதி பைக்குள்.
மறு பாதி ஜன்னல் விளிம்பில்,
வியாழக்கிழமைக்கு.

இப்போது இரண்டு பெயருக்கும் ஒரே நிறுவனம் என்கிறார்கள்.
ரொதியோனுக்கு மூட்டுவலி, அவெர்யான் இல்லை.
என் சமையலறை ஜன்னலுக்கு மேலே
பயிற்சி நாட்களில் வானம் கிழியும்.
கரும்புகை விட்டுப் போனால் மிக்,
பின்னால் கொடுக்கு நீண்டிருந்தால் சுகோய்.
எதிர்வீட்டு மர்ஃபா உருளைக்கிழங்குத் தோலோடு
ஓடிவந்து கேட்கிறாள்:
"தைஸியா, நீதான் இரண்டையும் தடவிப் பார்த்தவள்,
எது ஒசத்தி?"

இன்றைக்கு என்ன கிழமை, என்கிறேன்.