கேட்ட குளிர்

எர்மோசில்லோவில் ஆகஸ்ட் மதியம் இரண்டு மணிக்கு
யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை,
என்னைத் தவிர.
ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன்.
மெஸ்கீட் மரத்தின் நிழலில்
நாய்கூடக் குரைக்கவில்லை.
ஒரு கண்ணைத் திறந்து
என்னைக் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

ஒப்துலியா கதவைத் திறந்தாள்.
இரவெல்லாம் அடுத்தவர் காய்ச்சலை
அட்டவணையில் எழுதுகிறவள்,
பகலில்தான் தூங்க வேண்டும்.
கையில் தெர்மாமீட்டர்.
தடுப்பூசிப் பெட்டிக்குள் வைக்கிற ரகம்,
பொய் சொன்னால் வேலை போய்விடும்.

"இருபத்திரண்டு வைத்தேன் நிக்கனோர்,
இருபத்தேழு தருகிறது.
நடுவில் ஐந்தை யார் தின்றது?"

திருட்டைத் துப்பறியப் போனவன்போல
எல்லாவற்றையும் பார்த்தேன்.
வடிகட்டியில் பாலைவனத்தின் ஒரு கைப்பிடி.
தட்டினேன், கழுவினேன்.
வாயு அளவு சரி.
மாடியில் வெளிப்பெட்டி
மூச்சு வாங்கினாலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.
பழுதென்று எதுவும் இல்லை.
இதைச் சொல்லித்தான் காசு வாங்க முடியாது.

ஏணியின் நான்காம் படியில் நின்று சொன்னேன்:
ரிமோட்டில் இருப்பது செய்தியல்ல அம்மா,
விண்ணப்பம்.
இருபத்திரண்டு என்று நீ எழுதிப் போடுகிறாய்.
படிக்கிறவன் மேலே, கூரையோரம் இருக்கிறான்.
மிளகளவு ஓர் உணரி.
தன் மூக்கைத் தொட்டுப் போகும் காற்றைத் தவிர
அவனுக்கு வேறு உலகம் தெரியாது.
உன் கட்டில் எங்கே, தலையணை எங்கே,
அவனுக்குக் கவலையில்லை.
பந்தி பரிமாறுகிறவன்
தன் வயிற்றைத் தடவிப் பார்த்து
போதும் என்று இலையை எடுப்பதுபோல.

அப்புறம் இந்த மேற்குச் சுவர்.
உள்ளங்கையை வைத்துப் பார்.
படுத்திருக்கும் நாயின் வயிறு மாதிரி இருக்கிறதா?
நேற்றைய வெயிலை இன்னும் செலவழிக்கவில்லை,
இன்றையது வந்து கதவைத் தட்டுகிறது.
நீ அதில்தான் தலைவைத்துப் படுக்கிறாய்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், ஆனால்
நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.
பெட்டிக்கு எதிரே, கை நீட்டும் தூரத்தில்
கூரை தொட நிற்கும் அலமாரி.
வருகிற குளிரெல்லாம்
அதன் நெற்றியில் முட்டித் திரும்பி
வந்த வாய்க்கே போகிறது.
விட்ட மூச்சையே இழுத்து
"ஆகா, குளிர்ந்துவிட்டது அறை" என்று
கம்ப்ரெசர் கண்ணயர்ந்துவிடுகிறது.

நகர்த்தலாமா என்றேன்.

"ராமிரோவுடையது.
மார்ச்சில் மெஹிகாலிக்குப் போனான்,
வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றான்."
கொஞ்சம் நிறுத்தினாள்.
"அவனும் இப்படித்தான்.
பேசுவான். தன் குரல் தன் காதில் விழும்.
சரி, எல்லாம் பேசியாயிற்று என்று
திரும்பிப் படுத்துக்கொள்வான்."
சிரிப்பு எங்கிருந்தோ வந்துவிட்டது,
அவளுக்கு முதலில், எனக்குப் பிறகு.

தள்ளினோம்.
உள்ளே ஹேங்கர்கள் ஒன்றோடொன்று சண்டையிட்டன,
ஒற்றை பூட்ஸ் ஒன்று உருண்டது.
நின்ற இடத்தில்
வெயிலே அறியாத நான்கு ஓடுகள்
புதுசாய்ப் பளபளத்தன.
அலமாரியை மேற்குச் சுவரோடு சேர்த்து நிறுத்தினோம்.
தடுத்தே பழகியது,
இனி வெயிலைத் தடுக்கட்டும்.
கட்டிலைக் கிழக்கே இழுத்துப் போட்டோம்.

காத்திருந்தோம்.
மாவு ரொட்டியில் பீன்ஸ் சுற்றித் தந்தாள்.
வெளிப்பெட்டி இம்முறை
தூங்காமல் உழைப்பது கேட்டது.
இருபத்தாறு. இருபத்தைந்து.
இருபத்து நான்கில் நின்றுவிட்டது.

"இன்னும் இரண்டு?"
"அது சுவரின் பங்கு. கூரைக்கும் கொஞ்சம்.
கேட்டதெல்லாம் இந்த ஊரில் யாருக்குக் கிடைத்தது,
என் வண்டியில் ஏசியே இல்லை."

பில்லின் பின்பக்கத்தைத் திருப்பி
மூன்று பத்து, இருபத்து நான்கு
என்று எழுதினாள்.
வார்டின் பழக்கம்,
கீழே கையெழுத்தும் போட்டாள்.