எட்டு மைக்ரான்

மதியம் மூன்று. இன்குபேட்டரில் முப்பத்தேழு டிகிரி.
வெளியே தரமணியில் முப்பத்தொன்பது.

நேற்று ஊற்றிய செந்நிறத் திரவம்
மஞ்சளாகிவிட்டது.
தின்றிருக்கின்றன. நன்றாகவே.

ஃப்ளாஸ்கின் மேல் மார்க்கர் எழுத்து:
திவொ-7, பாசேஜ் 31.
பதிவேட்டில் ஒரே வரி:
பெண், 52, திருவொற்றியூர், நுரையீரல் உறை நீர்.
ஒன்பது ஆண்டுகளுக்கு முன்
ஊசியில் உறிஞ்சிய அரை டம்ளர்.
பெயரை எழுதக்கூடாது என்பது விதி.
இறந்த தேதிக்கு விதி ஏதுமில்லை;
யாரோ பென்சிலில் குறித்திருக்கிறார்கள்.

இன்று முதல் வேலை, கீறல்.
நெருக்கியடித்துப் படர்ந்த செல்களின் நடுவே
பிப்பெட் நுனியால் ஒரு கோடு.
என் கை நடுங்காது. அதற்குத்தான் சம்பளம்.
இரு கரையிலிருந்தும் ஊர்ந்து வந்து
நடுவில் தொட்டுக்கொள்ளும்.
காயம் ஆறும் சோதனை என்று பெயர்.
ஆறிவிடக் கூடாதே என்று
நான் காவலிருக்கும் காயம்
இது ஒன்றுதான்.

அடுத்தது சல்லடை.
மேல் கிண்ணத்தில் பட்டினி, கீழே சீரம்.
இடையில் எட்டு மைக்ரான் துளைகள்,
அவற்றை மூடி ஜெல்லியாலான பொய்ச்சவ்வு.
முதலில் விரல்போல எதையோ நீட்டி,
பிறகு உட்கருவையே நசுக்கிக்கொண்டு
மறுபக்கம் இறங்குகின்றன.
எல்லாமும் அல்ல. நூற்றுக்கு மூன்று, நான்கு.
ஊதாச் சாயமேற்றி
அந்த மூன்று நான்கைத்தான் எண்ணுவோம்.
மேலேயே தங்கிவிட்டவற்றைப்
பஞ்சுக்குச்சியால் துடைத்து எறிவோம்.
போகாதவை.
யாரையும் கொல்லாதவை.

நாலேகாலுக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது.
மாசிலாமணி டீசல் கேனோடு
படியிறங்கி ஓடும் சத்தம்.
முப்பத்தாறு புள்ளி எட்டு. ஆறு. நாலு.
ஏசி மிச்சம் வைத்த குளிர்
அறை முழுக்க.
எழுந்துபோய் ஜன்னல்களைத் திறந்துவிட்டேன்.
சித்திரை வெயில் உள்ளே வந்து
இன்குபேட்டரின் தகரத்தில் கை வைத்தது.

"எதுக்குக் குளிர்காய வைக்கிறன்னு தெரியுதா?"
என்றாள் ஹெப்சிபா, சிரிக்காமல்.
மூன்று மாதமாய் அவள் அக்காவுக்கு
இடுப்பெலும்பில் வலி.
மார்பில் தொடங்கியது.
ஜன்னலின் இன்னொரு கதவை
அவள்தான் திறந்தாள்.

மறுநாள் காலை
மருந்திட்ட தட்டில் கோடு அப்படியே இருந்தது.
அறுநூற்றுப் பன்னிரண்டு மைக்ரான்.
மருந்தில்லாததில் மூடிவிட்டது.
இரண்டு பேரும் நெடுநேரம் பார்த்தோம்.

ஆனாலும் வெப்பம் இறங்கிய நாள்.
கணக்கில் சேராது.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: மின்வெட்டு.
புது ஃப்ளாஸ்க் எடுத்து
மார்க்கர் மூடியைப் பல்லால் கழற்றினேன்.
பாசேஜ் 32.