அணைத்து வைத்த கீசர்

சொஹார். ஆகஸ்ட். பிற்பகல் மூன்று.
சிப்ஸ் பொட்டலத்தில் சிவப்பு ஏறுகிறது,
மை காய்கிறது.
காய்வது என்றால் எங்கள் ஆலையில்
அசிட்டோன் கிளம்பிப் போவது.
அதை வாசலில் மறிப்பது என் வேலை.

ஒன்பது மீட்டர் கோபுரம்.
உள்ளே பிளாஸ்டிக் வளையங்கள்,
எண்ணியதில்லை; ஒருமுறை கொட்டிக் கழுவியபோது
லாரி நிறுத்தும் இடமெல்லாம் பரவின.
மேலிருந்து தண்ணீர் இறங்கும்,
கீழிருந்து காற்று ஏறும்,
வளைய விளிம்புகளில் உரசிக்கொள்ளும்
அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்
அசிட்டோன் கட்சி மாற வேண்டும்.

மாறிவிடும். தண்ணீர் என்றால் அதற்கு உயிர்.
டொலுவீன் வேறு சாதி ஆவி:
மழைக்குள் நனையாமல் நடந்து போகும்,
பந்தியில் சாப்பிட்டு
மொய் எழுதாமல் நழுவுகிறவனைப் போல.
அதற்கென்று கரிப்படுக்கை தனியே இருக்கிறது,
தேக்நாத் தாப்பாவின் பொறுப்பில்.

காலையில் மீட்டர் நாற்பது காட்டும்.
வெயில் ஏற ஏற எழுபது, நூற்றிருபது.
மூன்று மணிக்கு நூற்றெண்பது.
பம்பை மாற்றினோம்.
தெளிப்பான் துளைகளை ஊசியால் குத்தினோம்.
"வெள்ளம் போரா" என்றார் மேனேஜர் சசீந்திரன்.
வால்வை முழுதாகத் திறந்தோம்;
ஏற வழியில்லாத காற்று
தண்ணீரைத் தூக்கிப் புகைபோக்கி வழியே துப்பியது.
அவர் மொழியில் வெள்ளம் என்றால் தண்ணீர்.
என் மொழியில் கேட்டது போலவே வந்துவிட்டது.

சுற்றுச்சூழல் அலுவலகத்திலிருந்து முனா அல் கல்பானி
அபாயாவை இழுத்துச் செருகிக்கொண்டு
ஏணியில் ஏறினார்.
குழாயை நுழைத்தார், எண்ணைப் பார்த்தார்,
பத்து நாள் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.
கீழே இறங்கியதும்
தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார்.

அன்றிரவு கேம்பில் குளிக்கப் போனேன்.
நீல வட்டக் குழாயில் கொதிநீர்.
மாடித் தொட்டி பகலெல்லாம் வாங்கி வைத்த வெயில்.
இங்கே ஒரு கோடை கழித்தவனுக்குத் தெரியும்:
கீசரை அணைத்து வை,
அறை நிழலில் ஆறிய தண்ணீர் அதற்குள் இருக்கும்,
சிவப்பு வட்டத்தில்தான் குளிர்ச்சி.
தலையில் சோப்பு நுரையோடு
அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் சுழற்சித் தொட்டி எங்கே இருக்கிறது?
மேற்குச் சுவரோரம்.
கறுப்பு பெயிண்ட் வேறு.

சுட்ட தண்ணீர் எதையும் வைத்துக்கொள்ளாது,
வாங்கிய கையோடு திருப்பிக் கொடுத்துவிடும்.
இது பாடப்புத்தகத்தில் இருந்திருக்கும்,
பரீட்சை எழுதியும் இருப்பேன்.

மதியத் தடை முடிந்து, மூன்றரைக்கு மேல்,
நாலு நாள் வேலை.
தகரக் கூரை. வெள்ளை பெயிண்ட்.
பழைய சில்லரிலிருந்து ஒரு கிளைக் குழாய்,
தாப்பா எங்கிருந்து பிடித்தார் என்று கேட்கவில்லை.
ஏழாம் நாள், மூன்று மணி:
ஐம்பத்திரண்டு.
யாரும் கைதட்டவில்லை.
தாப்பா ஆரஞ்சு ஒன்றை உரித்து
பாதிக்கு மேல் எனக்குத் தந்தார்.

இனி இருப்பது தொட்டியின் அடியில் இருப்பது.
காற்றிலிருந்து எடுத்தேன், சரி;
எடுத்தது எங்கே போயிற்று?
கடலைக் காய்ச்சி உப்பைப் பிரித்து
காசு கொடுத்து வாங்கிய தண்ணீர்
நகப்பூச்சு அழிக்கும் வாடையோடு
வியாழன்தோறும் டேங்கருக்குக் காத்திருக்கிறது.
கரை கூப்பிடு தூரம்தான்.
கடலில் கரைத்த பெருங்காயம்,
யார் மோந்து பார்க்கப் போகிறார்கள்
என்று முன்பு ஒரு சூப்பர்வைசர் சொன்னதுண்டு.

டிரைவர் ஜர்வலி தாளை நீட்டுகிறான்.
ஊருக்கு வெளியே குளம், அதில் பூச்சிகள்,
கண்ணுக்குத் தெரியாதவை,
இதைத் தின்றே கொழுக்கின்றன என்கிறான்.
அவன் போட்ட கணக்கில் அவற்றுக்கு
கேம்ப் மெஸ்ஸைவிட நல்ல சாப்பாடு.

பொருளின் பெயர் என்ற கட்டத்தில்
போன வருடம் முழுக்க 'தண்ணீர்' என்று எழுதியிருக்கிறேன்.
இன்றும் கை அதையே எழுதியது.
அடித்தேன்.
'அசிட்டோன் கலந்தது, மூன்று சதவீதம்.'

வேகத்தடையில் டேங்கர் ஏறி இறங்குகிறது.
வண்டி நின்ற பிறகும்
உள்ளே அது ஒருமுறை முன்னால் போய்
மோதித் திரும்பும் சத்தம்.