ரவைக் கணக்கு

வூப்பர்டாலில் ஞாயிறு பகல் காட்சி.
நாயகன் சுடத் தொடங்கியதும்
நிர்மலேந்திரன் சோளப்பொரியை என்னிடம் தந்துவிட்டு
விரல் மடக்குகிறான்.
முப்பத்தெட்டு... முப்பத்தொன்பது...
மகசீன் மாற்றவேயில்லை.

ஒருகாலம் இவனிடம் கோடு போட்ட கொப்பி ஒன்று இருந்தது.
எடுத்தது இத்தனை, திரும்பியது இத்தனை.
ஒரு ரவை குறைந்தால்
அன்றிரவு ஒருவருக்கும் நித்திரை இல்லை.

பெற்றோல் நிலையம் வெடிக்கிறது.
தலைமுடி கலையாமல்
திரும்பிப் பாராமல் நடந்தபடி
நாயகன் ஏதோ சொல்ல,
அரங்கம் விசிலடிக்கிறது.
"என்னவாம் சொன்னவன்?"
என் பக்கம் சாய்கிறான் நிர்மலேந்திரன்.

டிக்கெட் எடுக்கையில்
எப்போதும் அவனுக்கு வலப்பக்கமாகவே
எனக்கு இருக்கை பார்ப்பேன்.
இடப்பக்கமிருந்து பேசிப் பயனில்லை.

வெளியே
தலைக்கு மேலே தொங்குரயில் கிரீச்சிட்டுப் போனது.
"நாற்பத்தொன்று" என்றான்,
"கொப்பி எழுதினவன் பாவம்."