கறவை மாடு ஒன்று

மகளிர் குழுப் பதிவேட்டில்
என் பெயருக்கு நேரே
கறவை மாடு ஒன்று, ஐம்பதாயிரம்
என்றிருக்கிறது.
எழுதியவள் அஞ்சலாட்சி.
லென்சுன்னு எழுதினா பேங்க்ல சிரிப்பாங்க,
மாடுன்னா மறுபேச்சில்ல என்றாள்.

மாடு இரண்டு கிலோ இருக்கும்.
புதுச்சேரியில் கல்யாணப் படமெடுத்து ஓய்ந்த ஒருவரிடம் வாங்கியது.
விளிம்பில் ஒரு கீறல்.
ஐப்பசி அடைமழைக்கு உள்ளே பூஞ்சை பிடிக்குமென்று
அரிசி டிரம்முக்குள் கட்டிப் போட்டிருப்பேன்.

விடிகாலை நாலுக்கு
பழைய வாயில் சேலையில் சுற்றி
மடியில் கிடத்தி வண்டியை உதைத்தால்
முதுநகரில் ஐஸ் உடைக்கும் சத்தம் மட்டும்தான்.
சிப்காட் தாண்டும்வரை மூச்சை அடக்கி
ஆலப்பாக்கம் கேட்டில் ரயிலுக்கு நின்று
பெருமாள் ஏரிக் கரை.

சேற்றில் குப்புறப் படுத்தால்
மூன்று மணி நேரம் நான் ஒரு கட்டை.
முழங்கையில் அட்டை ஏறும்.
ஒன்றுக்கு முட்டும்.
சங்குவளை நாரை ஒரு காலை எடுத்து வைக்க
யோசிக்கும், யோசிக்கும்,
வைக்காது.

ஒருநாள் ரோந்து வந்த ஏட்டு டார்ச் அடித்து
யாரு கூட வந்தே என்றார்.
நாற்பது நத்தைகுத்தி நாரைகள் நின்றிருந்தன.
கை காட்டினேன்.
அவர் எனக்குப் பின்னாலிருந்த
வேலிக்கருவைப் புதரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பகலில் பிழைப்பு.
காதுகுத்து, வளைகாப்பு, பாஸ்போர்ட் சைஸ் எட்டு.
திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சாவு வீட்டில்
நாற்காலியில் சாத்தி வைத்திருந்த பெரியவரிடம்
பழக்கதோஷத்தில்
அசையாதீங்க என்று சொல்லிவிட்டேன்.
அழுதுகொண்டிருந்த மருமகள்
களுக்கென்று சிரித்துவிட்டாள்.
அதுவும் விழுந்திருந்தது படத்தில்.
நல்ல படம்.
ஆல்பத்தில் வைக்கவில்லை.

தை மாதம் மேனேஜர் மாடு பார்க்க வந்தார்.
அஞ்சலாட்சி தன் செவலையைப் பிடித்து வந்து
என் வாசலில் கட்டினாள்.
எத்தனை லிட்டர் என்றார்.
காலையில மட்டும்தான் கறக்கும் சார் என்றேன்.
பொய்யில்லை.
அன்று கறந்தது
இடுப்புப் பையில் இருந்தது, நகம் அளவு அட்டையில்:

ஓர் உப்பங்கழி வளைவு.
நீர்நாய். தாயும் மூன்று குட்டிகளும்.
தாயின் வாயில் குறுக்கே ஒரு மடவை.
கடைசிக் குட்டிக்கு நீச்சல் சரியாக வரவில்லை,
மீனைப் போட்டுவிட்டு
அதன் பிடரியைக் கவ்விக் கரையேற்றியது.
பிறகு நிமிர்ந்து
இரண்டு காலில் நின்று
லென்சுக்குள் நேராகப் பார்த்தது.
படம் கொஞ்சம் ஆடியிருக்கிறது.
ஆடியது என் கைதான்.

அந்த ஒரு படம் எங்கெங்கோ போய்விட்டது.
சென்னையிலிருந்து போன், பெங்களூரிலிருந்து போன்.
லொகேஷன் சொல்லுங்க மேடம்.
ஒருவர் பன்னிரண்டு பேரோடு வருவதாகச் சொன்னார்,
படகும் சாப்பாடும் அவர் பொறுப்பாம்,
ஒரு காலைக்கு இருபதாயிரம்.
பதினேழு தவணை பாக்கி எனக்கு.
விரல் மடக்கிக் கணக்குப் போட்டேன்,
போடவில்லை என்று சொல்ல மாட்டேன்.

தலைக்கு மேல் ஆள்காட்டி
கத்திக்கொண்டே சுற்றியது.
யார் வைத்த பெயரோ.
ஊரில் உள்ளவரை எல்லாம் காட்டிக்கொடுக்கும் அது
தன் முட்டை கிடக்கும் இடத்துக்கு மட்டும்
எதிர்த்திசையில் போய்க் கத்தும்.

கடலூர்ப் பக்கம் நீர்நாய் ஏது சார்,
அது வேற ஊர்ல எடுத்தது என்றேன்.
எந்த ஊர் என்றார்.
சிக்னல் சரியில்லை என்றேன்.

குழுக் கூட்டம் ஐந்தாம் தேதி.
பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டம்:
கன்று ஈன்றதா, எத்தனை.
பேனா என் கையில் இருந்தது.
மூன்று என்று எழுதிவிட்டேன்.

மாடு எங்கயாச்சும் மூணு போடுமாடி என்று
அஞ்சலாட்சி அடித்துவிட்டு
ஒன்று என்று திருத்தினாள்.
மற்ற இரண்டையும்
எங்கே மறைப்பது என்று யோசித்தபடி
கையெழுத்துப் போட்டேன்.