இருநூறு டிகிரி

ஹட்டனில் மூன்று நாளாய் மழை.
ஈரத்தில் பவுடர் கட்டிபிடிக்கும் என்றேன்.
ஜெசிந்தா கேட்கவில்லை:
"திங்கக்கெழம பால் எடுக்கப் போகணும்."

மணல் வீசியதும்
சிவப்புக்கு அடியில் நீலம்,
நீலத்துக்கு அடியில்
எப்போதோ முறிந்த குழாயில் பித்தளை ஒட்டு.
விரலால் தடவினாள்.
"இது மறஞ்சிருமா?"
மறையாது.
தழும்பின் மேல் தழும்பாகவே படியும்.

பச்சை நிற அட்டையை நீட்டினேன்.
சிரித்துவிட்டாள்.
"ஜன்னலத் தொறந்து பாருங்க,
இன்னும் எத்தன பச்ச வேணும்?"

மஞ்சள்.
எர்த் கிளிப்பை மாட்டினேன்;
தூள் வளைந்து போய்
குழாயின் முதுகையும் பிடித்துக்கொண்டது.

அடுப்பில் எட்டாவது நிமிடம்
கரண்ட் போனது.
கதவைத் திறக்காதே என்றேன்.
திறக்கவில்லை.
ஸ்வெட்டர் கையை மேலே இழுத்துவிட்டு
உள்ளங்கைகளை
அந்தத் தகரத்துக்குக் காட்டியபடி நின்றாள்.
நானும்.