இஸ்திரி அறை, ஆட்கள்: பூஜ்யம்

ஆறு மாடி ஓட்டலை
மடிக்கணினிக்குள் கட்டி முடிக்கப் பதினோரு நாள் ஆனது.
சுவருக்குத் தடிமன் கொடுத்தேன், ஜன்னலுக்கு இரண்டடுக்குக் கண்ணாடி.
புந்தா அரேனாஸின் ஜூன் மாதத்தை
மணி மணியாக உள்ளே ஊற்றினேன்:
பத்துக்கு விடிந்து ஐந்தரைக்கு இருட்டிவிடும் பகல்கள்,
நீரிணையிலிருந்து ஏறி வந்து
தகரக் கூரையின் ஆணிகளை எண்ணிப் பார்க்கும் காற்று.

விருந்தினரையும் நானேதான் படைத்தேன்.
ஆளுக்கு எழுபது வாட் வெப்பம் விடுவார்கள்,
ஏழரைக்குக் குளிப்பார்கள்,
ஜன்னலைத் திறக்கவே மாட்டார்கள்.
இவ்வளவு நல்ல பிள்ளைகளை
எந்த ஓட்டலும் கண்டதில்லை.

ஆனாலும் கணக்கு உதைத்தது.

மீட்டர் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல,
நடுவில் ஒன்பது சதவீதம்.
சராசரி என்கிற சோற்றில்
எந்தப் பூசணிக்காயையும் மறைத்துவிடலாம்.
மணிவாரியாகப் பிரித்த பிறகுதான் கண்ணில் பட்டது:
அடித்தளத்தில், இரவு ஒன்றரை முதல் ஆறு வரை
ஒரு சின்ன மேடு,
போர்வைக்குள் யாரோ முழங்காலை மடக்கியதுபோல.

"கசிவு," என்றார் மேலாளர் மார்த்தினிச். "அடைத்துவிடு, மகாலி."
கொதிகலன்காரர் ஓஸ்வால்தோவிடம் கேட்டேன்.
மாத்தே குவளையை என் பக்கம் நீட்டினார்,
அதாவது பேச்சை மாற்றினார்.

இரண்டு மணிக்கு நானே இறங்கிப் போனேன்.
இஸ்திரி அறை.
என் கோப்பில் அதன் வரி இப்படி:
பதினெட்டு சதுர மீட்டர், வெப்பம் இல்லை, ஆட்கள் பூஜ்யம்.

ஒரு சக்கரம் போன எண்ணெய் ஹீட்டர்.
அதைச் சுற்றி, மடித்த மெத்தை விரிப்புகளின் மேல்
நான்கு பெண்கள்.
ஷிப்ட் முடிவது ஒரு மணிக்கு,
கடைசி வண்டி போவது பன்னிரண்டுக்கு,
முதல் வண்டி ஆறுக்கு.
யுலைமா சாக்ஸ் போட்ட கால்களை
இன்னொருத்தியின் முதுகுக்குப் பின்னே செருகியிருந்தாள்.
எடித் மட்டும் விழித்திருந்தாள்.

"மீட்டர்காரிதானே?"
"ஆமாம்."
"எங்களுக்கு எவ்வளவு ஆகிறது?"
"ராத்திரிக்கு ஏழு யூனிட்."
"அது அதிகமா?"

இந்தக் கேள்விக்கு மூன்று மாநாடுகளில்
படம் போட்டுப் பதில் சொல்லியிருக்கிறேன்.
அன்று கையில் படம் இல்லை.
"தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்று
மாடி ஏறினேன், திருடியைப் போல.

பார்த்தேன்.
கால் சதவீதம்கூட இல்லை அந்த முழங்கால்.
அப்படியானால் மீதி?

விடியும்வரை தேடினேன் (விடிவதோ பத்து மணிக்கு).
மீதி ஒரு நேர்க்கோடாக இருந்தது.
ஏறவுமில்லை, இறங்கவுமில்லை,
அதனால்தான் யாரும் சந்தேகப்படவில்லை.
முதல் மாடி விருந்து மண்டபம்.
போன வருடம் மார்ச்சில் ஒரு கல்யாணம்;
இருபத்து மூன்று டிகிரியில் வைத்த குமிழை
யாரும் திருப்பி வைக்கவில்லை.
அன்றிலிருந்து இருநூறு நாற்காலிகள்
குளிர் என்றால் என்னவென்று தெரியாமல்
வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன.
ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன்.
இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல் இருந்தது.

ஆண்டுக்கு இருபத்தொரு டன் கார்பன்.
திருப்பிய விரலுக்கு வலிக்கக்கூட இல்லை.

அறிக்கையில் மார்த்தினிச்சுக்கு ஒரே ஒரு சந்தேகம்.
"பக்கம் பதினாலு.
இஸ்திரி அறை, ஆட்கள்: நான்கு.
எழுத்துப் பிழையா?"
"இல்லை."
பேனாவை மூடினார், திறந்தார்.
ஷிப்ட் நேரத்தைப் பற்றி நான் எழுதியிருந்த பத்திக்கு
இன்னும் கையெழுத்து வரவில்லை.
ஹீட்டருக்கு ஓஸ்வால்தோ சக்கரம் மாட்டிவிட்டார்.

நான்கு பேர், எழுபது எழுபது வாட்.
எடித்தையும் யுலைமாவையும் சேர்த்த பிறகு
கோடுகள் இரண்டும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று.
இடைவெளி இப்போது பூஜ்யம் புள்ளி ஆறு.

அது யாருடையது என்று
நான் தேடவில்லை.